சேதி சொன்னவருக்கு என்ன கூலி? ‘எவாஞ்சலிஸ்ட்’ என்ற சொல்லின் கதை

கேள்வி இதுதான்: மென்பொருள் கம்பெனிகளில் ‘டெக்னாலஜி எவாஞ்சலிஸ்ட்’, ‘டெவலப்பர் எவாஞ்சலிஸ்ட்’ என்றெல்லாம் பதவிகள் இருக்கின்றன. எவாஞ்சலிஸ்ட் என்றால் கிறிஸ்தவ மதத்தைப் பரப்புகிறவர்தானே? அந்தச் சொல் எப்படிக் கம்ப்யூட்டர் பக்கம் வந்தது? மதச் சொல்லை இப்படி எடுத்துப் பயன்படுத்துவது தப்பில்லையா? தமிழில் இதை என்னவென்று எழுதுவது?

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இது மதத்தில் பிறந்த சொல் இல்லை. சந்தையிலும் போர்க்களத்திலும் அரசவையிலும் பல நூறு வருடம் புழங்கிய பிறகுதான் கோயிலுக்குள் போனது. அங்கே சுமார் 1900 வருடம் இருந்துவிட்டு, 1980-களில் மறுபடியும் சந்தைக்கு வந்திருக்கிறது. புகுந்த வீட்டிலேயே ரொம்ப நாள் இருந்துவிட்டதால் பிறந்த வீடு எது என்று நமக்கு மறந்துபோனது.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். கிரேக்கத்தில் ‘எவு’ என்றால் நல்ல, நன்றாக. ‘ஆங்கெலோஸ்’ என்றால் தூதன், சேதி கொண்டுவருகிறவன். இரண்டும் சேர்ந்து ‘எவாங்கெலியோன்’. முன்பாதி நமக்குப் புதிதில்லை. யூகலிப்டஸில் இருக்கும் ‘யூ’ அதுதான். ‘நன்றாக மூடப்பட்டது’ என்று அந்த மரத்துக்குப் பெயர், மொட்டின்மேல் மூடி இருப்பதால். கிரேக்கத்தின் ‘எவு’வும் சமஸ்கிருதத்தின் ‘சு’வும் (சுகந்தம், சுமங்கலி) ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பது மொழியியலாளர்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் கருத்து. பின்பாதி இன்னும் பழக்கமானது. ஏஞ்சல். சிறகு முளைப்பதற்கு முன்னால் ஏஞ்சல் வெறும் தபால்காரர்தான். எவாஞ்சலிஸ்ட் என்ற சொல்லுக்குள் ஓர் ஏஞ்சல் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆக, எவாங்கெலியோன் என்றால் நற்செய்தி. இதோடு முடித்துவிடலாம், அகராதிகள் அப்படித்தான் முடிக்கின்றன. ஆனால் மிகப் பழைய கிரேக்கத்தில் அதற்கு அர்த்தம் நற்செய்தி அல்ல. நல்ல சேதி கொண்டுவந்தவனுக்குக் கொடுக்கும் பரிசு. கூலி என்றே சொல்லலாம்.

ஹோமரின் ஒடிசி காவியத்தில் பதினான்காவது காண்டத்தில் இது வருகிறது. இருபது வருடம் கழித்து ஊர் திரும்பிய ஒடிசியஸ், பிச்சைக்காரன் வேடத்தில் தன் சொந்தப் பன்றிமேய்ப்பன் யூமேயஸின் குடிசையில் உட்கார்ந்திருக்கிறான். “உன் எஜமான் திரும்பி வருவான், சத்தியம் செய்கிறேன். அவன் வீட்டுக்குள் கால் வைத்ததும் நல்ல சேதி சொன்னதற்கான பரிசாக எனக்கு நல்ல உடுப்பு கொடு. அதற்கு முன்னால் எனக்கு எவ்வளவு தேவை இருந்தாலும் எதையும் வாங்கமாட்டேன்” என்கிறான். யூமேயஸ் நம்பவில்லை. அந்தப் பரிசை நான் கொடுக்கப்போவதும் இல்லை, ஒடிசியஸ் வரப்போவதும் இல்லை என்று சொல்லிவிடுகிறான். சேதியும் சேதி சொன்னவனும் ஒருவனே என்பது கேட்பவனுக்குத் தெரியாது. அது ஹோமரின் விளையாட்டு. இங்கே நமக்கு வேண்டியது வேறு. கூலியைக் கொடுப்பது சேதியைக் கேட்டவன். அதுவும் சேதி மெய்யான பிறகு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நம் பக்கத்திலும் இதே வழக்கம் உண்டு. வால்மீகி ராமாயணத்தில் ராமன் திரும்பி வருகிறான் என்று அனுமன் போய்ச் சொன்னதும் பரதன் என்ன செய்கிறான்? மகிழ்ச்சியில் மயங்கி விழுந்து, எழுந்து, இனிய சேதி சொன்னதற்காக ஒரு லட்சம் பசுக்களும் நூறு ஊர்களும் இன்னும் பலவும் தருகிறேன் என்கிறான். ஹோமரின் கிரேக்கத்தில் அதற்குப் பெயர் எவாங்கெலியோன். சீதையைக் கண்டுவந்து சொன்ன அன்றைக்கு ராமனிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. கட்டி அணைத்து, இப்போது என்னிடம் இருப்பதெல்லாம் இதுதான் என்றான். அதுவும் எவாங்கெலியோன்தான், இன்னும் கொஞ்சம் உயர்ந்த ரகம்.

காலப்போக்கில் பரிசின் பெயர் சேதிக்கே ஆகிவந்தது. இடைப்பட்ட காலத்தைக் காட்ட ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, அதுவும் ஒரு நகைச்சுவை நாடகத்தில். அரிஸ்டோஃபனீஸ் கி.மு. 424-ல் ஏதென்ஸில் அரங்கேற்றிய ‘குதிரைவீரர்கள்’. அதில் ஒரு தொத்திறைச்சி வியாபாரி அரசியலில் இறங்குகிறான். ஆட்சிக்குழுவின் முன்னால் போய் நிற்கிறான். எதிராளி ஏற்கெனவே அங்கே பேசி எல்லாரையும் இவனுக்கு எதிராகத் திருப்பி வைத்திருக்கிறான். இவன் கத்துகிறான்: “உங்களுக்கு நற்செய்தி கொண்டுவந்திருக்கிறேன்! போர் தொடங்கிய நாளிலிருந்து நெத்திலி இவ்வளவு மலிவாக விற்றதே இல்லை!” அவ்வளவுதான். எல்லார் முகமும் மலர்ந்துவிடுகிறது. நற்செய்திக்காக அவனுக்கு மாலை சூட்டவேண்டும் என்கிறார்கள். எதிராளி விடுவானா? இந்த நற்செய்திக்காகத் தெய்வத்துக்கு நூறு மாடு பலியிடலாம் என்று ஒரு தீர்மானம் கொண்டுவருகிறான். இவன் உடனே இருநூறு என்கிறான்.

‘நற்செய்தி அறிவித்தல்’ என்ற அந்த வினைச்சொல்லைக் கூட்டத்தைத் தன் பக்கம் இழுக்கும் தந்திரமாகப் பயன்படுத்தும் மிகப் பழைய காட்சிகளில் இது ஒன்று. சொல்வது வியாபாரி, சொல்லப்படுவது விலைக்குறைப்பு. மதச் சொல்லைச் சந்தைக்கு இழுத்துவிட்டார்கள் என்று இன்று வருத்தப்படுகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த நெத்திலியைத்தான்.

இன்னொரு ஓடை எபிரேய மொழியிலிருந்து வருகிறது. அங்கே ப-ஸ-ர என்ற வேர். நல்ல சேதி சொல்கிறவர் ‘மெவஸ்ஸேர்’. அரபியில் இதே வேர் ப-ஷ-ர. பஷீர் என்ற பெயர் நம் எல்லாருக்கும் தெரியும், நற்செய்தி சொல்பவர் என்பதுதான் அதன் பொருள். சொல்லப்போனால் நாம் அறிந்த பஷீர்கள் எல்லாரும் பெயரளவில் எவாஞ்சலிஸ்ட்கள்.

எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் இந்த வேர் வரும் இடங்களில் எவாங்கெலியோன் குடும்பத்துச் சொற்களைப் போட்டார்கள். முதலில் வருபவை பெரும்பாலும் போர்க்களச் சேதிகள். சாமுவேல் நூலில் ஒரு பயங்கரமான இடம் இருக்கிறது. சவுல் ராஜா செத்துப்போனார் என்று ஒருவன் தாவீதிடம் ஓடிவந்து சொல்கிறான். எதிரி செத்தால் தாவீது மகிழ்வார், வெகுமதி கிடைக்கும் என்று கணக்கு. தாவீது அவனைக் கொன்றுவிடுகிறார். பிறகு அதை நினைவுகூரும்போது, நற்செய்திக்குப் பரிசு கிடைக்கும் என்று அவன் நினைத்தான் என்கிறார். கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்தப் பரிசுக்கு ‘எவாங்கெலியா’ என்றே இருக்கிறது. ஹோமரின் அர்த்தம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது, சேதி கொண்டுவந்தவன்தான் இல்லை.

இதைப் போர்க்களத்திலிருந்து தூக்கி வேறு உயரத்தில் வைத்தது, அதே வேதத்தில் இருக்கும் ஏசாயா தீர்க்கதரிசியின் நூல். பாபிலோனில் அடிமைப்பட்டுக் கிடந்த மக்களுக்கு விடுதலை வருகிறது என்று சொல்லும் பகுதியில், நற்செய்தி சொல்கிறவரின் பாதங்கள் மலைகளின்மேல் எவ்வளவு அழகாக இருக்கின்றன என்று ஒரு வரி. பாதங்களை ஏன் பாடவேண்டும்? போர்முனையிலிருந்து தூதன் ஓடிவருவான். நகரத்து மதிலில் நிற்கும் காவலனுக்கு முதலில் தெரிவது தூரத்து மலைச்சரிவில் ஓடும் கால்கள்தான், முகமல்ல. அந்த ஓட்டத்தைப் பார்த்தே வருவது எந்த மாதிரிச் சேதி என்று ஊகிக்கப் பார்ப்பார்கள். புழுதி படிந்த கால் அழகாகத் தெரிவது அந்த ஒரு நாளில்தான்.

அடுத்து ரோமாபுரி. இன்றைய துருக்கியில் இருக்கும் பிரியேனே என்ற பழைய ஊரில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. கி.மு. 9-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆசிய மாகாணத்தின் நாட்காட்டியில் புத்தாண்டை அகஸ்டஸ் பேரரசரின் பிறந்தநாளுக்கு மாற்றுகிறார்கள். அதற்கான காரணத்தைச் சொல்லும் கல்வெட்டு அது. அந்தத் தெய்வத்தின் பிறந்தநாள் உலகத்துக்கு நற்செய்திகளின் தொடக்கமாக அமைந்தது என்று அதில் இருக்கிறது. சொல் அதேதான், எவாங்கெலியா. அதாவது, ஒரு பேரரசர் பிறந்தார், பட்டத்துக்கு வந்தார், போரில் வென்றார் என்று மாகாணங்களுக்குப் பறைசாற்றும் அரசாங்க மொழி.

சுமார் எண்பது வருடம் கழித்து, இயேசுவின் கதையை எழுதிய நால்வரில் ஒருவரான மாற்கு தன் நூலை எப்படித் தொடங்குகிறார் பாருங்கள்: இயேசு கிறிஸ்துவின் நற்செய்தியின் தொடக்கம். அன்றைய வாசகர்கள் காதில் இது வெறும் பக்தி வாக்கியமாக விழுந்திருக்காது. பேரரசருக்குச் சொல்லும் சொல்லை எடுத்து, அந்தப் பேரரசின் ஆளுநர் சிலுவையில் அறைந்து கொன்ற ஒரு தச்சருக்குச் சொல்கிறார்கள். மதம் ஒரு சொல்லைக் கடன் வாங்கும்போது எவ்வளவு துணிச்சலாக வாங்கலாம் என்பதற்கு இது ஒரு பாடம்.

இதுவரை சேதியைப் பற்றித்தான் பேசினோம். ஆள் எங்கே? ‘எவாங்கெலிஸ்டேஸ்’, நற்செய்தியாளர் என்ற சொல், புதிய ஏற்பாட்டில் ஆச்சரியமாக மூன்றே இடத்தில்தான் வருகிறது. நற்செய்தி என்ற சொல் எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் வரும்போது அதைச் சொல்லும் ஆளுக்கு மூன்றுதான். எபேசியருக்கு எழுதிய கடிதத்தில் அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், மேய்ப்பர்கள் என்ற வரிசையில் ஒன்று. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், நற்செய்தியாளரின் வேலையைச் செய் என்ற அறிவுரையில் ஒன்று. அப்போஸ்தலர் நடபடிகளில் ஒன்று, அங்கேதான் ஒரு மனிதருக்குப் பட்டமாக அது வருகிறது: பிலிப்பு.

இந்தப் பிலிப்பு பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான பிலிப்பு அல்ல. விதவைகளுக்கு உணவு பங்கிடுவதில் தகராறு வந்தபோது அதைக் கவனிக்க நியமித்த ஏழு பேரில் ஒருவர். பந்தி விசாரிக்க வைத்த ஆள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவர் செய்த ‘எவாஞ்சலிசம்’ எப்படி இருந்தது? எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் வனாந்தர வழியில் எத்தியோப்பிய ராணியின் நிதி அதிகாரி ஒருவர் ரதத்தில் போகிறார், ஏசாயாவைச் சத்தமாக வாசித்துக்கொண்டு. பிலிப்பு ரதத்தோடு கூட ஓடுகிறார். வாசிப்பது புரிகிறதா என்று கேட்கிறார். யாராவது சொல்லித்தராமல் எப்படிப் புரியும், ஏறி உட்காருங்கள் என்கிறார் அதிகாரி. மேடை இல்லை, கூட்டம் இல்லை. ஏற்கெனவே கையில் புத்தகம் வைத்துக்கொண்டு திணறுகிற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கியதுதான். நல்ல டெவலப்பர் எவாஞ்சலிஸ்ட் ஒருவரின் ஒரு நாள் வேலையும் இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

சரி, கூலி என்ன ஆயிற்று? ஆதிச் சபையில் அது உண்மையாகவே ஒரு தலைவலி. ஊர் ஊராகப் போய் நற்செய்தி சொன்ன பவுல், கொரிந்து ஊர்ச் சபைக்கு எழுதும்போது, நற்செய்தி அறிவிப்பவர்கள் அதனால் பிழைக்க உரிமை உண்டு என்று வாதாடிவிட்டு, நான் மட்டும் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை என்கிறார். அப்படியானால் எனக்கு என்ன பலன்? செலவில்லாமல் அதைக் கொடுப்பதே என் பலன் என்று முடிக்கிறார். கூலியைக் குறித்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு கூலி வேண்டாம் என்று சொல்வது அழகுதான். எல்லாரும் பவுல் இல்லையே. ‘திதாக்கே’ என்ற மிகப் பழைய கிறிஸ்தவக் கையேட்டில் ஊர் ஊராக வரும் அப்போஸ்தலர்களை எப்படி நடத்துவது என்று விதி இருக்கிறது: ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டு நாள். மூன்றாவது நாளும் தங்கினால் அவன் போலி. புறப்படும்போது அடுத்த இடம் போய்ச் சேரும்வரைக்கான ரொட்டி கொடுங்கள். பணம் கேட்டால் போலி. இந்த விதியை எழுதியவர் எத்தனை பேரிடம் ஏமாந்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கச் சிரிப்பு வரும்.

அப்புறம் கொஞ்சக் காலத்தில் எவாஞ்சலிஸ்ட் என்ற சொல் ஓடுகிறவரை விட்டுவிட்டு எழுதியவரிடம் போனது. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நால்வருக்கும் அது பட்டமானது. மனிதன், சிங்கம், காளை, கழுகு என்று ஆளுக்கொரு சின்னம். ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ், மத்தேயு சொல்லும் இயேசுவின் பாடுகளுக்கு (துன்பங்களுக்கு) அமைத்த இசையில் ‘எவாஞ்சலிஸ்ட்’ என்று ஒரு பாத்திரம் உண்டு. அவர் உபதேசம் செய்வதில்லை, உருகுவதும் குறைவு. நடந்ததைச் சொல்கிற கதைசொல்லி. பல நூற்றாண்டுகளுக்கு இந்த அர்த்தமே மேலோங்கி இருந்தது.

மற்ற மொழிகள் இந்தச் சொல்லை என்ன செய்தன என்பது எனக்குப் பிடித்த பகுதி. லத்தீன் அப்படியே ‘எவாஞ்சேலியும்’ என்று எடுத்துக்கொண்டது. பழைய ஆங்கிலம் மொழிபெயர்த்தது: ‘கோட்’ என்றால் நல்ல, ‘ஸ்பெல்’ என்றால் சேதி, ‘கோட்ஸ்பெல்’. முதல் பாதியைப் பிற்பாடு ஜனங்கள் கடவுள் என்ற சொல்லாக எடுத்துக்கொண்டார்கள், ‘கடவுளின் சேதி’ என்று அர்த்தம் பண்ணினார்கள். அதுதான் இன்றைய ‘காஸ்பல்’. தமிழில் சுவிசேஷம். இதை வெறும் வடமொழி என்று ஒதுக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ‘விசேஷம்’ என்றால் வடமொழியில் சிறப்பு, தனித்தன்மை. சேதி என்ற அர்த்தம் வருவது நம் பேச்சில்தான்: “அப்புறம், என்ன விசேஷம்?” மலையாளத்திலும் அப்படியே. ஆக, சு, விசேஷம் என்ற இரண்டும் சேரும்போது கிடைக்கும் ‘நல்ல சேதி’ தென்னாட்டுக் காதுக்குத்தான் இயல்பாக விழும். இந்தியில் அதற்கு ‘சுசமாச்சார்’ என்று வேறு சொல் தேவைப்பட்டது. பிற்காலத்தில் வந்த நற்செய்தி தெளிவான தமிழ்ச் சொல். ஆனாலும் யாரோ எதிர்வீட்டிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற தொனி சுவிசேஷத்தில்தான் ஒளிந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுப் போகலாம். எவாஞ்சலிஸ்ட் வேறு, ‘எவாஞ்சலிக்கல்’ வேறு. பின்னது ஒரு பிரிவின் பெயர். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் தன் பெயரால் ஓர் இயக்கம் அழைக்கப்படுவதை விரும்பவில்லை. நற்செய்தியைச் சார்ந்தவர்கள் என்ற பொருளில் ‘எவாங்கேலிஷ்’ என்ற சொல் வழங்கியது. ஜெர்மனியில் இன்றும் அது புராட்டஸ்டண்ட் என்பதற்கான சாதாரணச் சொல். ஆங்கிலம் பேசும் நாடுகளில் பதினெட்டாம் நூற்றாண்டின் எழுப்புதல்களுக்கு (பக்தி மறுமலர்ச்சி அலைகளுக்கு)ப் பிறகு அது தனிப்பட்ட மனமாற்றத்தை அழுத்திச் சொல்லும் பிரிவுகளைக் குறித்தது. அமெரிக்கத் தேர்தல் செய்திகளில் வரும் ‘எவாஞ்சலிக்கல் வாக்காளர்’ இவர்கள். அவர்களில் பெரும்பாலோர் எவாஞ்சலிஸ்ட்கள் அல்ல. ஆசிரியர்கள், விவசாயிகள், கடைக்காரர்கள்.

எவாஞ்சலிஸ்ட் என்றதும் நம் கண்முன் வரும் உருவம், பெரிய மேடை, ஒலிபெருக்கி, கூட்டம், பத்தொன்பது இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் தயாரிப்பு. டுவைட் மூடி அந்த மாதிரிக்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர். அவர் அதற்கு முன்னால் செருப்புக் கடை விற்பனையாளர். 1949-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கூட்டங்களால் நாடறிந்த பில்லி கிரஹாம், இளம்வயதில் வீடு வீடாகப் போய் பிரஷ் விற்றவர். இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. கதவைத் தட்டி, மறுப்பைக் கேட்டு, சலிக்காமல் அடுத்த கதவுக்குப் போகிற பயிற்சி இரண்டுக்கும் பொது. பிறகு டெலிவிஷன் வந்தது, ‘டெலிவாஞ்சலிஸ்ட்’ என்ற சொல் வந்தது, 1980-களில் அவர்களில் சிலரைச் சுற்றிப் பண மோசடி விவகாரங்களும் வந்தன. திதாக்கே எழுதியவர் இருந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1980-களில்தான் ஆப்பிள் கம்பெனி இந்தச் சொல்லை விசிட்டிங் கார்டில் அச்சடித்தது. மேக்கின்டாஷ் 1984 ஜனவரியில் வெளிவந்தது. அதற்கு முன்பே அவர்களுக்கு ஒரு சிக்கல். மென்பொருள் இல்லாத கம்ப்யூட்டரை யாரும் வாங்கமாட்டார்கள். யாரும் வாங்காத கம்ப்யூட்டருக்கு மென்பொருள் எழுத யாரும் முன்வரமாட்டார்கள். விதையா மரமா என்ற கதை. இதை உடைக்க, வெளியே இருக்கும் மென்பொருள் கம்பெனிகளிடம் போய், கண்ணால் காணாத ஒரு வாடிக்கையாளர் கூட்டத்தை நம்பி இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள் என்று சொல்ல ஆள் வேண்டும். மைக் பாய்ச் என்பவர் அந்த வேலையைத் தொடங்கினார். அவருடைய நண்பர் கை கவாசாகி 1983-ல் சேர்ந்து, பிறகு அந்தப் பட்டத்துக்கே முகமாகிவிட்டார். அவரும் அதற்கு முன்னால் நகைத் தொழிலில் இருந்தவர். பந்தி விசாரிப்பு, செருப்பு, பிரஷ், வைரம், நெத்திலி வேறு.

‘விற்பனையாளர்’ என்ற சொல் ஏன் போதவில்லை? அவர்கள் எதையும் விற்கவில்லை. கேட்பவரிடமிருந்து பணம் வாங்கவும் இல்லை. அவருடைய பல மாத உழைப்பை, நம்பிக்கையின் பேரில், முன்கூட்டியே கேட்டார்கள். பத்துப் பேர் நம்பினால் அந்தப் பத்துப் பேர் எழுதுவதே சேதியை மெய்யாக்கிவிடும். காணாததை நம்பச் சொல்வது, நம்பியவரையும் மற்றவருக்குச் சொல்ல வைப்பது என்ற இரண்டும் சேர்ந்த வேலைக்கு மதத்தில்தான் சொல் தயாராக இருந்தது. கொஞ்சம் குறும்பும் இருந்தது என்பதை மறுக்கவேண்டாம்.

அதற்குப் பிறகு பட்டம் பரவியது. இன்டர்நெட்டின் அடிப்படை நெறிமுறைகளை பாப் கானுடன் சேர்ந்து வடிவமைத்த வின்ட் செர்ஃப் 2005-ல் கூகுளில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த பதவி ‘தலைமை இன்டர்நெட் எவாஞ்சலிஸ்ட்’. என்ன பட்டம் வேண்டும் என்று கேட்டபோது ‘ஆர்ச்டியூக்’ என்று கேட்டதாகவும், கடைசியாக அந்தப் பெயரில் பிரபலமானவர் 1914-ல் சுடப்பட்டார் என்று அவர்கள் நினைவூட்டியதாகவும் அவரே சொல்லிச் சிரிப்பார். இப்போது சம்பளம் இல்லாமல் ஒரு பொருளைக் கண்டவரிடமெல்லாம் சிலாகிக்கும் வாடிக்கையாளரையும் எவாஞ்சலிஸ்ட் என்கிறார்கள். என் கணக்கில் அவர்தான் பவுல் கட்சி. கம்பெனிச் சம்பளத்தில் இருப்பவர் நிலை ஹோமருக்கு நேர் எதிர். அங்கே சேதி மெய்யான பின் கேட்டவன் கூலி கொடுத்தான். இங்கே சேதி மெய்யோ பொய்யோ, அனுப்பியவன் மாதாமாதம் முன்பே கொடுத்துவிடுகிறான். ஆகவே ஓர் எவாஞ்சலிஸ்ட் பேசும்போது நான் முதலில் பார்ப்பது, தன் கம்பெனியின் பொருள் எதற்கு ஒத்துவராது என்பதை அவர் தானாக ஒருமுறையாவது சொல்கிறாரா என்று.

இதே குடும்பத்தில் இன்னும் சில சொற்கள் உண்டு. ‘ஸீலட்’ என்றால் வெறிகொண்ட ஆதரவாளர். இயேசுவின் சீடர் ஒருவர் பெயரோடு ஒட்டியது: பழைய தமிழ் வேதாகமம் அதை மொழிபெயர்க்காமல் ‘செலோத்தே என்னப்பட்ட சீமோன்’ என்று விட்டது, புதிய பொது மொழிபெயர்ப்பு ‘தீவிரவாதி’ என்று போட்டது. இன்றைய செய்தித்தாள் வாசகருக்கு அந்தச் சொல் எப்படி ஒலிக்கும் என்று நினைத்தால் பழைய ஆட்கள் சாமர்த்தியசாலிகள். அந்த உணர்வுக்குப் பழைய வேதாகமம் தரும் சொல் பக்திவைராக்கியம். வடமொழியில் வைராக்கியம் என்றால் பற்று அற்றுப்போவது. நம்மிடம் வந்து, பிடித்த பிடியை விடாமல் இருப்பது என்று நேர் தலைகீழாகிவிட்டது. ‘ப்ராபகாண்டா’வும் இதே வீட்டுப் பிள்ளைதான்: 1622-ல் போப் பதினைந்தாம் கிரகோரி நிறுவிய, விசுவாசம் பரப்பும் சபையின் லத்தீன் பெயரிலிருந்து உதிர்ந்தது. அந்த மூன்றில் எவாஞ்சலிஸ்ட் மட்டும் மானத்தோடு தப்பித்திருக்கிறது.

பயன்படுத்துவது தப்பா என்ற கேள்விக்கு வருகிறேன். மனம் புண்படுகிறவர்கள் இருக்கலாம், அதில் எனக்கு மரியாதை உண்டு. சொல்லுக்கு உரிமை கோர முடியுமா என்றால், பேரரசரிடமிருந்து மாற்கு எடுத்தார், சந்தையிலிருந்து பேரரசர் எடுத்தார். வழக்கு எங்கே முடியும்? இந்தச் சங்கடத்தைத் தவிர்க்கவோ என்னவோ, பல கம்பெனிகள் இப்போது ‘டெவலப்பர் அட்வகேட்’ என்று மாற்றிக்கொண்டிருக்கின்றன. மதச் சொல் வேண்டாம், சட்டச் சொல் போதும் என்ற நினைப்பாக இருக்கலாம். ஆனால் ‘அட்வகேட்’டின் லத்தீன் மூலமான ‘அட்வொகாட்டுஸ்’ என்றால் துணைக்கு அழைக்கப்பட்டவர். கிரேக்கத்தில் அதே பொருளில் ‘பராக்லேடோஸ்’. யோவான் நற்செய்தியில் பரிசுத்த ஆவிக்கு அந்தப் பெயர்தான், தமிழில் தேற்றரவாளன். யோவானின் முதல் கடிதத்தில் அதே சொல் கிறிஸ்துவுக்கு வருகிறது, தமிழில் ‘பரிந்து பேசுகிறவர்’. நற்செய்தியாளரிடமிருந்து தப்பித்து ஓடியவர்கள் நேராகப் பரிசுத்த ஆவியிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

தமிழில் எழுதும்போது நற்செய்தியாளர் என்று போட்டால் வாசகர் மத்தேயுவைத்தான் நினைப்பார். பரப்புரையாளர் என்றால் தேர்தல் ஜீப் கண்ணில் தெரியும். தூதர் என்றால் விளம்பர நடிகர். பதவியின் பெயராக வரும் இடத்தில் ‘டெக்னாலஜி எவாஞ்சலிஸ்ட்’ என்று ஒலிபெயர்த்தே எழுதுங்கள், முதல் முறை மட்டும் அவர் செய்யும் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். கட்டுரையின் நடுவே பொதுவாகக் குறிப்பிட வேண்டியிருந்தால் நான் ‘பரிந்து பேசுபவர்’ என்று எழுதுவேன்.